லேபிளின் பின்பக்கம்

சங்கிலிமுத்து முதன்முதலாக என் கடைக்கு வந்த அன்றே எனக்கு அவன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம், சித்திரை வெயில். சிவகாசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நான் பிரௌசிங் சென்டர் வைத்து நாலு மாதம்கூட ஆகவில்லை. ஆறு கம்ப்யூட்டர், நடுவில் பிளைவுட் தடுப்பு. வருகிறவர்களில் பாதிப் பேர் எதற்கு வருகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். நான் தண்ணீர் குடிக்க எழுந்தாலே தடுப்புக்குள் மவுஸ் படபடக்கும். திரும்பி வந்தால் எல்லாத் திரையிலும் கிரிக்கெட் ஸ்கோர். ஆளைப் பார்த்ததும் சந்தேகப்படத் தெரியாதவன் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை.

"மூலைக் கம்ப்யூட்டர் கிடைக்குமா அண்ணாச்சி?" என்றுதான் கேட்டுக்கொண்டு வந்தான். மூலையைக் கேட்கிறவன் யோக்கியன் இல்லை என்பது என் அனுபவம்.

ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தான். சிரிப்பு இல்லை, செருமல் இல்லை. டைப் அடிக்கிற சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டது. பொறுக்கமுடியாமல் பூனைபோல அவன் பின்னால் போய் நின்றேன். திரை முழுக்கத் தமிழ். பரிசல் ஓட்டுகிற ஒருவன் கடைசி நாளில் ஏன் அக்கரைக்குப் போகாமல் இருந்துவிட்டான் என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தான்.

"யாருப்பா அந்தப் பரிசல்காரன்? சொந்தமா?"

"நாவல்ல வாறவன் அண்ணாச்சி."

"நாவல்ல வாறவன் போனா என்ன, இருந்தா என்ன?"

அவன் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. நான் புத்தகம் படிக்கிற ஆள் இல்லை. பஞ்சாங்கமும் கரண்டு பில்லும் படிப்பேன், அவ்வளவுதான்.

போகப்போகத்தான் விஷயம் தெரிந்தது. ‘நாலாம் பக்கம்’ என்று இணையத்தில் ஒரு குழுமம். கோயம்புத்தூர், சென்னை, சிங்கப்பூர் என்று பல ஊர்க்காரர்கள். மாதம் ஒரு புத்தகம் எடுத்து எல்லோரும் படித்து, மின்னஞ்சலில் சண்டை போடுவார்கள். ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாது. ஆனால் ஒருவருக்குப் பல்வலி என்றால் மற்றவர் மருந்து சொல்வார். கிடைக்காத புத்தகத்தைப் பார்சலில் அனுப்பி வைப்பார்கள். தாயில்பட்டியில் தபால்காரர் எந்த வீட்டுத் திண்ணையில் போட்டுவிட்டுப் போவாரோ என்று சங்கிலிமுத்து என் கடை முகவரியைத்தான் கொடுத்திருந்தான். அனுப்புகிறவர் கோயம்புத்தூர் ஜெயச்சந்திரன். முதல் பார்சலைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் அவனிடம் கொடுத்தேன். உள்ளே புத்தகம்தான் இருந்தது. ஏமாற்றமாகத்தான் இருந்தது.

சங்கிலிமுத்து ஓர் ஆப்செட் பிரஸ்ஸில் டிசைன் பிரிவில் வேலை பார்த்தான். பட்டாசு லேபிள், காலண்டர். முதலாளி சீனிவாசகம். வீடு தாயில்பட்டி. மனைவி அய்யம்மாள் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் பெட்டி ஒட்டுகிறாள். மகள் வேல்விழி. ஞாயிற்றுக்கிழமை மதியம் பஸ்ஸேறி வந்து மூலையில் உட்காருவான். எல்லோருடைய கடிதங்களையும் பிரிண்ட் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவான், வாரம் முழுக்கப் படிக்க. அதற்குத் தாளும் அவனே கொண்டுவருவான். பிரஸ்ஸில் கலர் தப்பிப்போன லேபிள் ஷீட்டுகளைக் கழித்துப் போடுவார்கள். அவற்றை அளவாக வெட்டி எடுத்துவந்து, வெறுமையாக இருக்கிற பின்பக்கத்தில் பிரிண்ட் எடுப்பான். முன்பக்கம் மூக்கு ஓரிடம், கொண்டை ஓரிடமாக நிற்கிற மயில். பின்பக்கம் பரிசல்காரன்.

இப்படியே ஐந்து வருஷம் ஓடியது.

இரண்டாயிரத்து ஆறு ஆடி மாதம் அவர்கள் எடுத்த புத்தகம் ஒரு மொழிபெயர்ப்பு நாவல். வடக்கே கண்ணாடி வளையல் செய்கிற ஊர். ஒரு தாய் தன் ஒன்பது வயது மகளை விளக்கின் முன்னால் உட்காரவைத்து வளையலின் வாயை ஒட்டச் சொல்கிறாள். பிள்ளைக்குப் பார்வை மங்கிக்கொண்டே போகிறது. குழுமத்தில் எல்லோரும் அந்தத் தாயைக் கல்நெஞ்சக்காரி என்று கரித்துக்கொட்டினார்கள். சென்னையில் ஒரு மகளிர் பத்திரிகையில் வேலை பார்க்கிற பிரீத்திகா என்ற பெண் மட்டும்தான் திட்டவில்லை. அவள் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சங்கிலிமுத்துவுக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது. அன்றைக்கு விசைப்பலகை உடைந்துவிடுமோ என்று நான் எழுந்து போனேன். வழக்கம்போலப் பின்னால் நின்று படித்தேன்.

"நீங்கள் யாரும் பசித்திருந்ததில்லை. அந்தத் தாய்க்கு வேறு வழி இல்லை. எங்கள் தாயில்பட்டியில் என் வீட்டிலும் இதுதான் நடக்கிறது. சீசனில் என் மைத்துனன் நூலில் கரிமருந்து ஏற்றி, உலர்த்திக் கொண்டுவருவான். என் மனைவியும் எட்டாவது படிக்கிற என் மகளும் அதை விரல் நீளத்துக்கு வெட்டித் திரிக்கட்டாகக் கட்டுவார்கள். அந்த வாரங்களில் மகள் பள்ளிக்கூடம் போகமாட்டாள். என் மனைவி கல்நெஞ்சக்காரி இல்லை."

திரி வேலை லைசென்ஸ் உள்ள கம்பெனிக்குள் நடக்கவேண்டியது. வீட்டில் வைத்துச் செய்தால் கேஸ். ஊரில் பாதி வீட்டில் நடக்கும், ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

"ஏலே, ஊர்ப் பேரையாவது எடுத்துரு."

"அவுக என் கூட்டாளிக அண்ணாச்சி. அஞ்சு வருசப் பழக்கம்."

"மூஞ்சி தெரியாத பழக்கம்."

"உங்களுக்கு எல்லார் மேலயும் சந்தேகந்தான்" என்று சொல்லிவிட்டு அனுப்பும் பொத்தானை அழுத்தினான்.

ஆவணி இரண்டாவது வாரம் ஆபீசர்மார் வந்தார்கள். ஒரு ஜீப்பில் அவர்கள், இன்னொன்றில் போலீஸ். தெருவில் இருபது வீடு இருக்க, நேராகச் சங்கிலிமுத்துவின் வீட்டுக்குப் போனார்களாம். வாசலில் நாலு சாக்கில் திரி கிடந்தது. மாரிக்கண்ணன் அப்போதுதான் கூழ் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தான். அய்யம்மாளின் தம்பி, இருபத்தாறு வயது, கல்யாணம் ஆகாதவன். அவனைத்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். போகும்போது பரணில் சணல் கட்டிக் கிடந்த தாள்க்கட்டுகளையும் அள்ளிக்கொண்டார்கள். ஐந்து வருஷத்துப் பேச்சு. அவர்கள் பார்த்தது முன்பக்கத்தை. ஆயிரக்கணக்கில் மயில் மார்க் லேபிள்.

மறுநாள் சங்கிலிமுத்து என் கடையில் வந்து உட்கார்ந்தபோது முகம் கறுத்துப்போயிருந்தது.

"கள்ளப் பட்டாசு போட்டு மயில் மார்க் ஒட்டி விக்கிறோமாம். ஜாமீன் கிடைக்காதுன்னு வக்கீல் சொல்றாரு. முதலாளி வேற, லேபிளைத் திருடிட்டேன்னு சந்தேகப்படுறாரு. விசாரணை முடியிற வரைக்கும் பிரஸ் பக்கம் வராதேன்னுட்டாரு."

"பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டவேண்டியதுதானப்பா!"

"காட்டினேன் அண்ணாச்சி. அதுதான் வினையாப் போச்சு." அவன் குரல் இறங்கிவிட்டது. "‘பரிசல் எப்பக் கெளம்பும்? அக்கரையில காத்திருக்கிறது யாரு? ஏன் சொன்னபடி போகலை?’ன்னு வரிசையா இருக்குல்ல. ‘அக்கரைன்னா எந்தக் கரைலே? கடலுக்கு அந்தப் பக்கமா?’ன்னு கேக்காக. சிங்கப்பூர்ல இருக்கிற தனுஷ்கோடி யாரு, அவன் ஏன் உனக்கு எளுதுறான்னு கேக்காக. நாவலுங்கேன். நாவலுக்கு எதுக்குலே அஞ்சு வருசமா கடுதாசிங்காக."

வீட்டில் வெடிமருந்து, கையில் கள்ள லேபிள், பின்பக்கத்தில் ‘அக்கரை’. கடலுக்கு அந்தப் பக்கம் சண்டை மறுபடி மூண்டிருந்த காலம் அது. என் கடைக்கும் போலீஸ் வருமோ என்றுதான் முதலில் நினைத்தேன். பொய் சொல்வானேன்.

ஊரில் அவனிடம் யாரும் முகம் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சொர்ணலட்சுமி தண்ணீர்க் குடத்தோடு வருகிறவள், அவன் எதிரே வந்தால் அடுத்த தெருவழி சுற்றிப்போனாள். டீக்கடையில் பேச்சு நின்றது. இவன்தான் எதையோ எங்கேயோ எழுதிப்போட்டு ஆபீசரை வரவழைத்தான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. கம்ப்யூட்டரில் எழுதுகிறவன் வேறு எவன் இருக்கிறான் அந்த ஊரில்?

ஊர் அவனைச் சந்தேகப்பட்டது. அவன் குழுமத்தைச் சந்தேகப்பட்டான்.

தாள்களெல்லாம் ஸ்டேஷனில் இருந்ததால் என் திரையிலேயே பழைய கடிதங்களை ஒவ்வொன்றாகத் திறந்தான். இரண்டு பகல் முழுக்க அதே வேலை. அருகில் ஸ்டூல் போட்டு என்னையும் உட்காரவைத்துக்கொண்டான்.

"இதைப் பாருங்க அண்ணாச்சி. ‘தாயில்பட்டிக்கு வெம்பக்கோட்டை வழியாக வரவேண்டுமா, சாத்தூர் வழியாகவா?’ ஜெயச்சந்திரன் எளுதினது. மூணு வருசத்துக்கு முன்னாடி. கோயம்புத்தூர்க்காரருக்கு எங்க ஊர் வழி எதுக்கு?"

"அவரு என்ன உத்தியோகம் பார்த்தாரு?"

"எக்ஸைஸ். ரிட்டயர்டு."

"சர்க்கார் ஆளா!" என்றேன்.

"இது பிரீத்திகா. ‘வேல்விழி எந்தப் பள்ளிக்கூடம்? எந்த வகுப்பு?’ கதைப் புத்தகம் அனுப்பணும்னு கேட்டுச்சு. அனுப்பவும் செஞ்சுச்சு. ஆனா பள்ளிக்கூடப் பேரு எதுக்கு?"

"பத்திரிகைக்காரி வேற" என்று நான் எடுத்துக்கொடுத்தேன்.

அப்படிப் பார்க்க ஆரம்பித்தால் எந்தக் கடிதம்தான் தப்பும்? ‘உங்கள் ஊரில் மழை உண்டா?’ என்றால், திரி காய்கிறதா என்று வேவு. ‘சாத்தூர் காராச்சேவு அனுப்ப முடியுமா?’ என்றால், பார்சல் போகிற வழியைத் தெரிந்துகொள்ளும் தந்திரம். அவனுடைய பழைய பதில்களும் திரையில் வந்தன. எவ்வளவு பிரியமாக எழுதியிருக்கிறான் பாவி! அதைப் படிக்கும்போதுதான் அவனுக்கு வெறி அதிகமானது. வளையல்காரியைப் பற்றிய அந்தக் கடிதத்தை யார் யார் படித்தார்கள் என்று விரல்விட்டு எண்ணினான். கடைசியில் இரண்டே விரல் நின்றது.

எழுதினான். நானும் அருகில் இருந்தேன். தடுக்கவில்லை.

"உங்களில் ஒருவர் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டீர்கள். ஒருவர் சர்க்கார் சோறு தின்றவர். ஒருத்தி பத்திரிகைக்காரி. என் மைத்துனன் உள்ளே இருக்கிறான். புத்தகம் பேசுகிற சாக்கில் ஐந்து வருஷமாக என் வீட்டுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறீர்கள். இனி உங்கள் முகத்தில் விழிக்கமாட்டேன்."

பார்க்காத முகத்தில் எப்படி விழிப்பது என்று அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அன்று மாலையே பிரீத்திகாவிடமிருந்து ஒரு வரி வந்தது. "இத்தனை வருடம் நான் எழுதியதை நீங்கள் இப்படித்தான் படித்தீர்களா?" அவ்வளவுதான். மறுநாள் அவள் குழுமத்தை விட்டு விலகிவிட்டதாகத் திரையில் ஒரு சின்ன அறிவிப்பு. "பாத்தீகளா, ஓடிட்டா" என்றான் சங்கிலிமுத்து. "குத்தமுள்ள நெஞ்சு" என்றேன் நான். ஜெயச்சந்திரனிடமிருந்து பதிலே இல்லை.

அதற்குப் பிறகு சங்கிலிமுத்துவும் கடைக்கு வரவில்லை.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்குக் கடைப் போன் அடித்தது.

"கண்ணுச்சாமிங்களா? நான் கோயம்புத்தூருங்க, ஜெயச்சந்திரன். சங்கிலிமுத்து எப்படிங்க இருக்காரு?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பார்சலுக்காகக் கொடுத்த நம்பர். "எதுக்குக் கேக்கீக?" என்றேன் முறைப்பாக.

"கோவமா எழுதியிருக்காருங்க. நான் காச்சல்ல படுத்திருந்தேன், நேத்துத்தான் பார்த்தேன். கோவத்தை அப்புறம் பேசிக்கலாம். அந்தத் தம்பி வெளிய வந்துட்டானுங்களா?"

வைக்கப் போன போனை வைக்காமல் எல்லாவற்றையும் கொட்டினேன். லேபிள், பரிசல், அக்கரை, எல்லாம்.

"அந்தப் பரிசல்காரன் கடிதத்துல முக்கால்வாசி நான் எழுதினதுங்க. நானே வந்து சொல்லிர்றேன்" என்றார்.

மறுநாள் வியாழக்கிழமை விடிந்ததும் பஸ்ஸைவிட்டு இறங்கினார். அறுபத்திரண்டு வயது இருக்கும். ஒல்லியான ஆள், காய்ச்சலில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது, கையில் பென்ஷன் புத்தகமும் அடையாள அட்டையும் வைத்த மஞ்சள் பை. சங்கிலிமுத்துவை நான் ஆள்விட்டு வரவழைத்திருந்தேன். அவன் வந்து பார்த்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"டீ சாப்பிட்டீங்களா?" என்று அவர் அவனிடம் கேட்டார். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் தாள்க்கட்டை மேஜையில் போட்டார். ஜெயச்சந்திரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு தாளைத் திருப்பினார். மயில் கீழே போனது, எழுத்து மேலே வந்தது. தாம் எழுதியதைத் தாமே வாசித்தார். பாதியில் தாளை வைத்துவிட்டு, அதற்குச் சங்கிலிமுத்து எழுதிய பதிலை, ஐந்து வருஷத்துக்கு முந்தியதை, பார்க்காமலே சொன்னார். இன்ஸ்பெக்டர் தாளைத் தேடி எடுத்து விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். வரிக்கு வரி சரியாக இருந்தது.

"சரி சார்" என்றார் இன்ஸ்பெக்டர் கடைசியில். "அவன் ஏன்தான் அக்கரைக்குப் போகலை?"

"அதைத்தாங்க மூணு வாரம் பேசினோம். முடிவுக்கு வரலைங்க."

இன்ஸ்பெக்டர் சிரித்தாரா, எரிச்சல்பட்டாரா என்று எனக்குப் புரியவில்லை. பிரஸ்ஸுக்குப் போன் போட்டார். கலர் தப்பிய கழிவுதான் என்று சீனிவாசகம் முதலாளியின் மேனேஜர் ஒத்துக்கொண்டார். லேபிள் விவகாரம் அதோடு விழுந்தது. திரி கேஸ் மட்டும் நின்றது. வெள்ளிக்கிழமை காலை மாரிக்கண்ணன் ஜாமீனில் வந்தான்.

அன்று மதியம் தாயில்பட்டியில் அவர்கள் வீட்டில் சாப்பாடு. நானும் போனேன். வெயில் கரிசலைப் பிளந்துகொண்டிருந்தது. வேலிக்கருவை ஓரம் பட்டாசுக் கம்பெனி வேன் ஒன்று காலியாக நின்றது. அய்யம்மாள் விடிகாலையிலேயே கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். சிவந்த கண். பரிமாறும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த வேல்விழி சுவரோரம் உட்கார்ந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல் நுனிகளில் கரி இன்னும் போகவில்லை.

மாரிக்கண்ணன் பதினைந்து நாள் பசியோடு தின்றான். ஜெயச்சந்திரன் அவன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். சங்கிலிமுத்து அவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தான். இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

வாசலில் சொர்ணலட்சுமி வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் நாலைந்து பெண்கள்.

"இவுகதானா அந்தக் கம்ப்யூட்டர்ல எளுதுற ஆளு?"

"ஆமாக்கா" என்றான் சங்கிலிமுத்து.

"சர்க்கார் உத்தியோகமாம்ல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய் எதிர் வீட்டு வேப்பமர நிழலில் நின்றுகொண்டாள். போகிற எண்ணமில்லை.

மாரிக்கண்ணன் கை சோற்றில் நின்றது. ஜெயச்சந்திரனைத் திரும்பிப் பார்த்தான்.

"எக்ஸைஸ்ல இருந்தீகளாமே?"

"ஆமாங்க தம்பி. ரிட்டயர்டு ஆகி நாலு வருசமாச்சு."

"எங்க ஊரு வழியெல்லாம் கேட்டு எளுதினீகளாமே, மச்சான் சொன்னாரு. போலீஸ் ஸ்டேஷன்ல உங்க பேச்சை அம்புட்டு மரியாதையாக் கேட்டாகளாம். வந்து மாட்டிவிட்டதும் நீங்க, வந்து எடுத்துவிட்டதும் நீங்களா?"

"மாப்ளே!" என்றான் சங்கிலிமுத்து.

"நீங்க சும்மா இருங்க மச்சான். நீங்கதானே எளுதுனீக, ஒருத்தர் சர்க்கார் சோறு தின்னவருன்னு. பதினஞ்சு நாளு உள்ள கெடந்தவன் நான். எனக்குத் தெரியணும். சொல்லுங்கய்யா, நீங்களா?"

ஜெயச்சந்திரன் இலையில் வைத்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த மனிதர் முகம் சிறுத்துப்போனது. அவன் கேட்ட கேள்வியில் பாதி நான் எடுத்துக்கொடுத்தது.

"அவுகளை ஒண்ணும் சொல்லாத. போன் போட்டது நாந்தான்."

அய்யம்மாள் குழம்புச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"என்னக்கா சொல்ற?"

"பள்ளிக்கூடத்துச் செவுத்துல நம்பர் எளுதிப் போட்டிருக்காகள்ல, பிள்ளைகளை வேலைக்கு வச்சா சொல்லச் சொல்லி. பஸ் ஸ்டாப் பக்கத்துல ஒத்த ரூவா போன்ல போட்டேன். ரெண்டு ஆபீசர் வந்து, பிள்ளையைப் படிக்க அனுப்புன்னு மெரட்டிட்டுப் போவாகன்னு நெனச்சேன். போலீஸ் வரும்னு நெனைக்கலை. உன்னைக் கொண்டுபோவாகன்னு, இந்தச் சோத்து மேல சத்தியமா நெனைக்கலைடா."

"வேண்டாம்னா என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லலையா? எத்தனை தடவை சொன்னேன். ‘சீசன் முடியட்டும்க்கா’ன்ன. இவுககிட்டயும் சொன்னேன். ம்ம்னுட்டுப் படிச்சுக்கிட்டிருந்தாக." சட்டியைக் கீழே வைத்தாள். அடுத்ததை அவள் புருஷனைப் பார்த்துச் சொன்னாள். "ஒரு நாள் சாயங்காலம் தாளைக் கொண்டாந்து, ‘உன்னைப் பத்தி எளுதியிருக்கேன், கேளு’ன்னு வாசிச்சீக. நானும் இவளும் திரி வெட்டிக்கிட்டிருந்தோம். ‘அந்தத் தாய்க்கு வேறு வழி இல்லை’ன்னு வாசிச்சீக. அதுக்கு ஒரு பிள்ளை பதில் எளுதியிருந்துச்சுன்னு அதையும் வாசிச்சுட்டுச் சிரிச்சீக, ‘மெட்ராஸ்ல இருக்கிறவளுக்கு என்ன தெரியும்’னு. ‘வழி இல்லைன்னு உங்க வீட்டம்மா சொன்னாங்களா? அவங்ககிட்டக் கேட்டீங்களா?’ன்னு அது கேட்டிருந்துச்சு. நீங்க சிரிச்சுட்டு அடுத்த தாளைத் திருப்பிட்டீக. நான் ராவெல்லாம் உக்காந்திருந்தேன், இப்பக் கேப்பீக, இப்பக் கேப்பீகன்னு. நீங்க கேக்கவே இல்லை."

சங்கிலிமுத்து தண்ணீர்ச் செம்போடு அப்படியே உட்கார்ந்திருந்தான். படிப்பாளி, ஐந்து வருஷமாக ஊர் உலகத்துக் கதாபாத்திரங்களுக்கெல்லாம் மனசு பார்த்தவன்.

மாரிக்கண்ணன் எழுந்தான். அக்காவை அடிக்கப்போகிறான் என்றுதான் நினைத்தேன், நானும் எழுந்துவிட்டேன். அவன் மருமகள் வேல்விழியைப் பார்த்தான். அவள் விரலைப் பார்த்தான். பிறகு கையைக் கழுவிவிட்டு வாசலுக்குப் போனான்.

வேப்பமரத்தடியில் கூட்டம் கூடியிருந்தது. "யாருன்னு தெரிஞ்சுதாடா?" என்றாள் சொர்ணலட்சுமி.

ஒரு வார்த்தை அவன் சொன்னால் போதும். அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு திரிக்கட்டு. சொந்தத் தம்பியையே காட்டிக்கொடுத்தவள் என்று அய்யம்மாள் அதற்குப் பிறகு குழாயடிக்குக்கூடப் போகமுடியாது.

"வேற யாரு? எல்லாம் எங்க மச்சான்தான்" என்றான் மாரிக்கண்ணன் உரக்க. "புத்தகம் பேசுறேன்னு ஊர்ப் பேரோட எளுதிப்போட்டிருக்காரு. அதைப் பாத்துட்டு எவனோ வந்திருக்கான்."

எல்லோரும் உள்ளே பார்த்தார்கள். சங்கிலிமுத்து எழுந்து வாசல் நிலையில் வந்து நின்றான்.

"ஆமா. நாந்தான். தப்பு என் மேலதான்."

"நாங்க சொன்னோம்ல!" என்று ஒருத்தி சொன்னாள். ஒரு கிழவி மண்ணை அள்ளித் தூற்றினாள். அவன் விலகாமல் வாங்கிக்கொண்டான். கூட்டம் கலைந்தது. மாரிக்கண்ணன் திரும்பி வந்து பாதியில் விட்ட இலையின் முன் உட்கார்ந்து, "குழம்பு ஊத்துக்கா" என்றான். அவள் ஊற்றினாள். பாதி தரையில் போனது.

சங்கிலிமுத்து ஜெயச்சந்திரன் முன்னால் போய்க் கையைக் கூப்பினான். அவர் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். "என்னைவிடுங்க. அந்தப் பொண்ணுக்குத்தாங்க நீங்க எழுதோணும்."

"அது நல்லா இருக்கா?" என்றாள் அய்யம்மாள்.

"தெரியலீங்கம்மா. குழுமத்தை விட்டுப் போயிட்டா. நான் போட்ட கடிதத்துக்கும் பதில் இல்லீங்க."

அவள் முகத்தைத் துடைத்தாள். என்னிடம் திரும்பி, "அண்ணாச்சி, இன்னைக்குக் கடை உண்டா?" என்று கேட்டாள்.

நாலு மணி பஸ்ஸில் எல்லோரும் சிவகாசி வந்தோம். அந்த மூலையில் முதன்முறையாக இரண்டு நாற்காலி போட்டேன். அவன் டைப் அடிக்க உட்கார்ந்தான். "என்ன எளுதட்டும்?" என்று மனைவியைக் கேட்டான். அவன் அவளிடம் அப்படிக் கேட்டதே அன்றுதான் முதல்தடவையாக இருக்கவேண்டும்.

"நான் சொல்றதை அப்படியே எளுதுங்க. ‘தாயி, உன்னைத் திட்டுனது என் வீட்டுக்காரரு. போன் போட்டது நான். நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தான் போட்டேன். எனக்கு வேற வழி இருந்துச்சு. இப்ப வேல்விழி பள்ளிக்கூடம் போறா.’"

அவன் விரல் நின்று நின்று அடித்தது. எனக்குப் பதறியது. பத்திரிகைக்காரி, கோபத்தில் வேறு இருக்கிறாள். இது யார் கையிலாவது கிடைத்தால் ஊரில் சங்கிலிமுத்துவும் மாரிக்கண்ணனும் சொன்ன பொய் என்னாவது?

"யோசிச்சுக்கங்கம்மா" என்றேன். "அனுப்பிட்டா திரும்ப எடுக்க முடியாது. அது யாருன்னே நமக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றாள் அய்யம்மாள். "அனுப்புங்க."

அவன் அனுப்பினான்.